ஊசிமலை ஆபீஸ் களிசான்

படர்தாமரை படித்தவனுக்கு வராது.

ஊசிமலைத் தோட்டத்து இரண்டாம் கிளாக்கர் சுந்தரலிங்கம் இதை டிஸ்பென்சரி வாசலில் நின்றுகொண்டு, நாளைக்கும் பொழுது விடியும் என்று சொல்பவருடைய முகத்தோடு சொன்னார். காரணமும் காட்டினார். வெள்ளைக்காரன் அதற்கு ரிங்வேர்ம், அதாவது வளையப் புழு, என்று பெயர் வைத்திருக்கிறான். புழு அல்லாததை வெள்ளைக்காரன் புழு என்று சொல்லமாட்டான். புழுவுக்கு அழுக்கு வேண்டும். படித்தவன் காலையும் மாலையும் கார்பாலிக் சோப்புப் போட்டுக் குளிக்கிறான். ஆகவே புழு அவன் வாசற்படியோடு திரும்பிப் போய்விடுகிறது.

"இந்தத் தோட்டத்துல சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணின எவனுக்காவது படர்தாமரை இருந்தா காட்டுங்க, பார்ப்போம்" என்று சவாலும் விட்டார். தோட்டத்தில் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணியவர் அவர் ஒருவர்தான். யாரும் காட்டவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இருவர். ஒருவர் டிஸ்பென்சர் ஜுனைதீன். தோட்டத்து மருந்தும் வைத்தியமும் அவர் கையில். மற்றவர் டீமேக்கர் கபிரியேல். தொழிற்சாலையில் கொழுந்து தேயிலையாவது அவர் கையில். கபிரியேல் அப்போது சாரத்தைத் தொடைக்கு மேலே வழித்துப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேச்சு தன்னைப் பற்றியதுதான் என்று அவருக்குத் தெரியும். மரியாதைக்காகச் சொறிவதை நிறுத்தியிருந்தார்.

சுந்தரலிங்கம் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தொடையிடுக்கில் தொடங்கிய வளையம் சாசர் அளவுக்கு இறங்கியிருந்தது. விளிம்பில் சிவந்த கடுகுகளைக் கோத்து ஒட்டியதுபோல் பொரிப்பொரியாகப் பருக்கள். நடுவில் தோல் பழைய சுண்ணாம்புச் சுவர்போலச் செதில் செதிலாக உதிர்ந்தது. சொறிந்த இடத்தில் நீர் கசிந்து சாரத்தில் ஒட்டிக் காய்ந்து, மறுபடி பிய்ந்து, மறுபடி கசிந்திருந்தது. மூன்றாம் நாள் தோசைமாவின் வாடை கைலேஞ்சியைத் தாண்டி வந்தது.

"புழுவும் இல்ல, பூச்சியும் இல்லங்க" என்றார் ஜுனைதீன். "பூஞ்சணம். மழைக்காலத்துல உங்க சப்பாத்துல வெள்ளையாப் பூக்குதே, அதோட சொந்தக்காரன். ஈரம், சூடு, இருட்டு மூணும் கிடைச்சா குடித்தனம் வச்சிரும். நடுவுல தின்னு முடிச்சிட்டு விளிம்பு விளிம்பா வெளிய போகும். அதான் வட்டம்."

"மனுசன் மேல பயிர் முளைக்குதுங்கிறீங்க."

"அப்படித்தான் வச்சுக்கங்க."

"அப்ப நம்ம டீமேக்கர் ஒரு தோட்டம்!"

"அதுக்கு நீங்க கிளாக்கர்" என்றார் ஜுனைதீன், கபிரியேலின் தொடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மருந்து சொன்னார். தோட்டத்துக்குத் துரை வாங்கிக் கொடுப்பது கொய்னா, பேதியுப்பு, விளக்கெண்ணெய் மூன்றுதான். மூன்றுக்கும் படர்தாமரை மசியாது. ஆற்றோரத்தில் சீமையகத்தி நிற்கிறது. இலையை அரைத்துத் தடவ வேண்டும். தடவியதும் சாரத்தை இறக்கிவிட்டால் இலையும் வியர்வையும் சேர்ந்து இன்னும் ஊறும்; ஆகவே வெயிலில் அது காயும்வரை நிற்க வேண்டும். உடுத்ததைக் கொதிநீரில் அவிக்க வேண்டும்.

"போன மாசமும் போட்டேனுங்க. வட்டம் மறைஞ்சுது, விட்டுட்டேன். திரும்ப வந்திருச்சு."

"மறைஞ்சாப் போச்சுன்னு யார் சொன்னது? மேல மறையும், அடியில இருக்கும். மறைஞ்ச பொறகும் மூணு வாரம் போடணும். உங்க உடுப்ப வேற யாராச்சும் உடுத்துறாங்களா?"

கபிரியேல் சுந்தரலிங்கத்தைப் பார்த்தார். சுந்தரலிங்கம் கபிரியேலைப் பார்த்தார்.

"இல்லீங்களே" என்றார் கபிரியேல்.

அவர் பொய் சொல்லவில்லை. ஊசிமலையில் செர்ஜ் என்ற கம்பளித் துணியில் தைத்த ஒரு கறுப்புக் களிசான், அதாவது நீளக் கால்சட்டை, இருந்தது. அது உடுப்பு அல்ல, ஆபீஸ் சாமான். தராசு, முத்திரை, இரும்புப் பெட்டகம், களிசான்.

வேட்டியோ சாரமோ கட்டியவன் பங்களாப் படி ஏறக்கூடாது என்பது பெரிய துரையின் சட்டம். பெரிய கிளாக்கர் ஒல்லியாக இருந்த காலத்தில் கண்டியில் தைத்த களிசான், அவர் பருத்த பிறகு ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. பங்களாவுக்குப் போகவேண்டியவர் எவரோ அவர் அதை மாட்டி, இடுப்பில் சணல் கயிற்றால் இறுக்கிக்கொண்டு போவார். செவ்வாய்க்கிழமைகளில் தேயிலைச் சாம்பிளோடு கபிரியேல் போவார். மற்ற நாட்களில் பெரும்பாலும் சுந்தரலிங்கம். செர்ஜில் தண்ணீர் பட்டால் சுருங்கிவிடும் என்று தைத்தவன் எச்சரித்திருந்ததால் அது ஒருநாளும் தண்ணீரைக் கண்டதில்லை. மழையில் நனைந்து, வியர்வையில் ஊறி, அப்படியே வந்து சேரும். அதன் பாதுகாவலர் சுந்தரலிங்கம். மடிப்புக் கலையக் கூடாது என்பதற்காக அதை நீட்டித் தன் மெத்தைக்கு அடியில் வைத்து, அதன்மேல் படுத்துறங்குவார். இந்தச் சேவையை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவர்தான் பெரிய கிளாக்கராகப் போகிறவர். பொறுப்பு இப்போதே பழகட்டும் என்று நினைத்தார்.

பெரிய கிளாக்கர் அடுத்த மாதக் கடைசியில் ஓய்வெடுக்கிறார். அவருடைய பிரம்பு நாற்காலிக்குச் சுந்தரலிங்கத்தை வைக்கலாம் என்று பெரிய துரை சொல்லியிருந்தார். கம்பெனியின் சார்பில் தோட்டங்களைப் பார்த்துப்போகும் ஏஜெண்டுத் துரை வந்து ஆளைப் பார்த்துச் சரி என்றால் சரி. இல்லையென்றால் வேறு தோட்டத்திலிருந்து ஒருவன் வருவான். சுந்தரலிங்கம் அந்த நாற்காலியைத் தினமும் ஆபீசைப் பூட்டுமுன் ஒருமுறை தடவிப் பார்ப்பார்.

டிஸ்பென்சரியில் பார்த்ததிலிருந்து அவருக்குத் தேநீர் இறங்கவில்லை. கொழுந்து பதமாயிற்றா என்று பார்க்கக் கபிரியேல் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் கசக்கி, முகர்ந்து பார்ப்பார். அந்தக் கை அதற்கு ஒரு நிமிடம் முன்பு எங்கே இருந்தது என்பது சுந்தரலிங்கத்துக்குத் தெரியும். நகத்துக்குள் வெள்ளையாக என்ன இருந்தது என்பதும் தெரியும். இனிமேல் லண்டன்காரன் குடிக்கட்டும் என்று அவர் வெந்நீருக்கு மாறினார்.

ஒருநாள் பகலில் விறகுக் கணக்குப் பார்க்கத் தொழிற்சாலைக்குப் பின்னால் போனவர், விறகுக் கொட்டகை மூலை திரும்பியதும் நின்றுவிட்டார். மழை விட்டுச் சுள்ளென்று அடித்த வெயிலில், சூரியனைப் பார்த்தபடி, கால்களை அகட்டி, சாரத்தை மார்புவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார் கபிரியேல். கண்கள் மூடியிருந்தன. தொடைகள் இரண்டிலும் பச்சைச் சாந்து வெடித்துக் காய்ந்துகொண்டிருந்தது. ஈக்கள் ஒழுங்கான வட்டமாக, வளையத்தைச் சரியாகப் பின்பற்றி உட்கார்ந்திருந்தன.

சுந்தரலிங்கத்துக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. குமட்டலை அடக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி பேசுவது.

"மாத்தளை முத்துமாரியம்மன் கோயில்ல மாசியிலதான் கொடியேத்தம்" என்று அன்றே ஆபீசில் அறிவித்தார். "நம்ம தொழிற்சாலையில தினமும் பன்னெண்டு மணிக்கு."

பெயர் ஒட்டிக்கொண்டது. பகல் மணி அடித்தால் கொழுந்து அரைக்கிறவர்கள்வரை "கொடி ஏறிருச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். செய்தி கபிரியேலின் மனைவி அந்தோனியம்மாவின் காதுக்குப் போனது. அவள் ஆபீஸ் ஜன்னலருகே வந்து நின்றாள்.

"தம்பி, எங்களுக்கும் கொடியேத்தம் இருக்கு, வஹகோட்டையில, அந்தோனியார் திருநாளுக்கு. அங்க வந்து கையெடுத்துக் கும்பிட்டு நேந்துக்கங்க, உங்க கொடி எங்க ஏறப்போகுதோ" என்றாள்.

"படிச்சவனுக்கு வராதுங்க அக்கா."

"வராட்டி நல்லதுதான் தம்பி. இந்த வாயி இருக்குற இடத்துக்கு அதுவும் வரப் பயப்படும்."

அது பயப்படவில்லை. முதலில் சட்டைப் பொத்தான் அளவில் வந்தது.

சுந்தரலிங்கம் அதை வேர்க்குரு என்று தீர்மானித்தார். பற்பொடி டப்பா மூடி அளவுக்கு வந்தபோது உடம்புச் சூடு என்று மோர் குடித்தார். படர்தாமரை படித்தவனுக்கு வராது, தான் படித்தவன், ஆகவே இது படர்தாமரை அல்ல. தர்க்கம் சுத்தமாக இருந்தது. தொடைதான் சுத்தமாக இல்லை.

தேங்காய் நாரில் கார்பாலிக் சோப்பைத் தேய்த்து, தோல் உரியும்வரை தேய்த்தார். அரிப்பு ஒருமணி நேரம் ஓய்ந்து, அண்ணன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. அடுத்து, விசேஷங்களுக்கென்று வைத்திருந்த ஓடிக்கொலோன் சென்ட்டைத் தேய்த்தார். அறையைப் பூட்டிக்கொண்டு அவர் உள்ளே ஓடிய ஓட்டத்தில் பக்கத்துக் குவார்ட்டர்சில் பாத்திரங்கள் அதிர்ந்தன. கடைசியில் வளையம் மறுதொடைக்கும் ஒரு கிளை திறந்தது.

இராத்தூக்கம் போயிற்று. விடியற்காலையில் கை தானாக அங்கே இருக்கும். அந்தக் கையை முகர்ந்து பார்க்கக் கூடாது என்று தெரியும், முகர்ந்து பார்ப்பார். தோசைமாவு. எழுந்து கையைக் கழுவி, மறுபடி முகர்ந்து, மறுபடி கழுவுவார். சோறு பிசையும்போது நகங்களைப் பார்த்துவிட்டால் தட்டைத் தள்ளிவிடத் தோன்றியது. ஆகவே சோற்றைக் கரண்டியால் சாப்பிடத் தொடங்கினார். பார்த்தவர்கள், பெரிய கிளாக்கராகப் பழகுகிறார் என்றார்கள்.

ஏஜெண்டுத் துரை வந்த காலையில் ஊசிமலையில் மழை பிடித்துக்கொண்டு பெய்தது. சுந்தரலிங்கம் மெத்தையைத் தூக்கிக் களிசானை எடுத்தார். மடிப்பு கத்திபோல் நின்றது. உள்பக்கம் இளஞ்சூடாக, மெல்லிய ஈரத்தோடு, நாய்க்குட்டியின் வயிறுபோல் இருந்தது. மாட்டிக்கொண்டார்.

மூன்று மலை ஏறி இறங்கி, இரு துரைமாருக்கும் பின்னால் குடை பிடித்து நடந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், ஒன்றும் தப்பவில்லை. ஈரச் செர்ஜ் ஒவ்வோர் அடிக்கும் அரம்போல் உராய்ந்தது. ஆபீசுக்குத் திரும்பியபோது அவருடைய கண்களில் நீர் நின்றது. பெரிய துரை பார்த்துவிட்டு, பெரிய கிளாக்கரைப் பிரிகிற துக்கமா என்று கேட்டார். ஆமாம் என்றார்.

துரைமார் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்கள். சுந்தரலிங்கம் இரும்புப் பெட்டகத்தின் அருகே நின்றிருந்தார். பெட்டகத்தின் மூலை சரியான உயரத்தில் இருந்தது. அதற்குமேல் அவரால் முடியவில்லை. மெதுவாக ஒருமுறை உராய்ந்தார். உலகத்தில் இப்படியொரு சுகம் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை...

ஜன்னல் கண்ணாடியில் ஆபீஸ் முழுவதும் தெரியும் என்பதை அவர் நினைக்கவில்லை.

"மூலை போதாது" என்றார் ஏஜெண்டுத் துரை, திரும்பாமலே, இங்கிலீஷில். "நான் இரத்தினபுரியில் இருந்தபோது எனக்கும் இது இரண்டு மழைக்காலம் இருந்தது. கதவு நிலைதான் நல்லது. முழு நீளத்துக்கும் படும்."

சுந்தரலிங்கம் நின்ற இடத்திலேயே நின்றார். அந்தத் துரை கேம்பிரிட்ஜ் பரீட்சை மட்டும் எழுதியவர் அல்ல. கேம்பிரிட்ஜுக்கே போய்ப் படித்தவர்.

"ஆள் கெட்டிக்காரன்" என்று ஏஜெண்டுத் துரை பெரிய துரையிடம் தொடர்ந்தார். "வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது போகும்வரை அந்த நாற்காலியில் உட்கார விடாதே. வரும்போதெல்லாம் நான் அதில்தான் உட்காருகிறேன்."

பெரிய துரை நாற்காலியிலிருந்து சற்று எட்ட நகர்ந்துகொண்டு உத்தரவு சொன்னார். மாதக் கடைசிக்குள் டிஸ்பென்சர் பார்த்து, வளையம் இல்லை என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேறு ஆள் வருவான்.

டிஸ்பென்சரியில் சுந்தரலிங்கம் கதவையும் ஜன்னலையும் தாமே சாத்தினார். கபிரியேல் உட்கார்ந்த அதே பெஞ்சில், அதன் ஓரத்தில் மட்டும், உட்கார்ந்தார். வேட்டியை வழித்தார். ஜுனைதீன் விளக்கைக் கிட்டே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என்னங்க கிளாக்கர்?"

"வேர்க்குரு."

"வேர்க்குரு இப்படி ஊர்வலம் போகாதே."

"சரி, நீங்க சொல்றதுதான். மருந்தைச் சொல்லுங்க."

"மருந்து கிடக்கட்டும். உங்க உடுப்ப வேற யாராச்சும் உடுத்துறாங்களா?"

"உடுப்ப இல்ல" என்றார் சுந்தரலிங்கம். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆபீஸ் சாமான் ஒண்ணு இருக்கு" என்றார்.

களிசானின் சரித்திரம் முழுவதையும் ஜுனைதீன் வாங்கிவிட்டார். யார் யார் போடுவது, எப்போது துவைத்தது, எங்கே வைப்பது. மெத்தைக்கு அடியில் என்றதும் விளக்கைக் கீழே வைத்தார்.

"யா அல்லாஹ்! டீமேக்கர் விதைச்சாரு. நீங்க ராத்திரி ராத்திரி மேல படுத்து அடைகாத்தீங்க. அவருக்கு நான் மருந்து போடப் போட, செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை நீங்க திருப்பிக் கொடுத்திருக்கீங்க. அவிச்சிருங்க அத."

"செர்ஜ் சுருங்கிரும் டிஸ்பென்சர்!"

"சுருங்கட்டும். சோப்பு, சென்ட்டு எல்லாத்தையும் நிப்பாட்டுங்க, புண்ணாக்கி வச்சிருக்கீங்க. தண்ணியில கழுவி, ஒத்தி ஒத்தித் துடைச்சு, காயவிடுங்க. துண்டு தனி. மெத்தைய வெயில்ல போடுங்க. சீமையகத்தி எங்க நிக்குதுன்னு தெரியும்ல? போட்டுட்டு வெயில்ல..."

"தெரியும்" என்றார் சுந்தரலிங்கம் அவசரமாக.

பெரிய அடுப்பும் மண்ணெண்ணெய்த் தகரமும் அந்தோனியம்மாவிடம்தான் இருந்தன. காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோனதை அவள் பிரித்து, இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, தகரத்துக்குள் போட்டாள். தண்ணீர் கொதித்ததும் சாயம் இறங்கியது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஆடை கட்டியது. எத்தனையோ வருடத்து வியர்வை ஒரே நாளில் கிளம்பி அடுக்களையை நிரப்பியது. கோழிகள் வெளியேறின. அந்தோனியம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு விறகுக்கட்டையால் ஒரு கிண்டு கிண்டினாள்.

"படிச்ச களிசான்தான் தம்பி. இங்கிலீசுல நாறுது."

சுந்தரலிங்கம் அடுப்பைப் பார்த்தபடி வாந்தியை விழுங்கிக்கொண்டிருந்தார்.

வெளியே எடுத்தபோது களிசான் முழங்காலுக்கு மேலே நிற்கிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதை வெட்டி அந்தோனியம்மா சட்டி இறக்கும் பிடிதுணி தைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு, அவரவர் சொந்தக் களிசான் தைக்கும்வரை, உத்தியோகஸ்தர்கள் எல்லோரும் பங்களாப் படிக்குக் கீழே நின்றே பேசினார்கள்.

சுந்தரலிங்கத்தின் குவார்ட்டர்ஸ் கிழக்கே பார்த்தது. காலையில் ஜன்னல் வழியாக ஒரு பாய் அளவு வெயில் தரையில் விழும். கதவைப் பூட்டி, திரையை நெஞ்சு உயரத்துக்குக் கட்டி, அந்தப் பாய்க்குள் அவர் அகட்டி நின்றார். அரைத்த இலை எரிந்தது. வழிந்து கால்பெருவிரல்வரை போனது. காய்ந்து தோலைப் பிடித்து இழுத்தது. பச்சைத் தவளையின் தொடைகள்போல் இருந்ததைக் குனிந்து பார்க்காமல் எதிர்ச்சுவரையே பார்த்தார். ஆனால் இது கொடியேற்றம் அல்ல. கொடியேற்றம் என்பது வெளியில் நடப்பது. ஓர் அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு, வைத்திய ஆலோசனைப்படி நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

முதலில் அரிப்பு அடங்கியது. பிறகு கடுகுகள் உதிர்ந்தன. மாதக் கடைசியில் ஜுனைதீன் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வளையம் இல்லை என்று பெரிய துரைக்குச் சொல்லியனுப்பினார். வாசல்வரை வந்து சுந்தரலிங்கத்திடம் மட்டும், "விட்டுறாதீங்க. இன்னும் மூணு வாரம்" என்றார்.

சுந்தரலிங்கம் பெரிய கிளாக்கரானார். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கே சாமான்களோடு பெரிய கிளாக்கர் குவார்ட்டர்சுக்கு மாறினார். நல்ல வீடு, தனிக் குளியலறை, இரண்டு பக்கமும் பலாமரம். உள்ளே போய் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்த்தார். ஒன்றிலும் வெயில் விழவில்லை. குளியலறைச் சுவரில் ஆள் உயரத்துக்குப் பாசி பிடித்திருந்தது. முந்தியவர் விட்டுப்போன சப்பாத்து ஒன்று மூலையில் கிடந்தது. வெள்ளையாகப் பூத்து, ரோமம் வைத்து, பூனைக்குட்டிபோல் இருந்தது. அதைப் பார்த்ததும் அவருடைய தொடையில், மறைந்துபோன இடத்தில், லேசாக ஒரு ஊறல் எடுத்தது.

மறுநாள் பகல் மணி அடித்தது. பெரிய கிளாக்கர் நாற்காலியிலிருந்து எழுந்தார். விறகுக் கணக்கு ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது என்று பொதுவாக ஆபீசுக்குச் சொன்னார். வாழையிலையில் பொதிந்த எதையோ சட்டைக்குள் வைத்துக்கொண்டு, தொழிற்சாலையைச் சுற்றி, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் தலையை அசைத்துக்கொண்டு, விறகுக் கொட்டகை மூலை திரும்பினார்.

கபிரியேல் அங்கே நின்றிருந்தார். சாரம் மார்புவரை தூக்கியிருந்தது, கண்கள் மூடியிருந்தன. அவருக்கும் வளையம் மறைந்துவிட்டது, அவருக்கும் மூன்று வாரம். காலடிச் சத்தத்துக்கு ஒரு கண்ணைத் திறந்தார். பெரிய கிளாக்கரையும் சட்டைப் புடைப்பையும் பார்த்தார். மழை மேகம் கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. கொட்டகையின் நிழல் போக, வெயில் இரண்டு ஆள் நிற்கிற அளவுக்குத்தான் இருந்தது.

கபிரியேல் பக்கவாட்டில் ஓரடி நகர்ந்துகொண்டார்.

சுந்தரலிங்கம் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு சூரியனைப் பார்த்து நின்று, கால்களை அகட்டி, வேட்டியைத் தூக்கினார்.